நீள்நகமும் பிறர் உழைப்பும்: சிங் காலச் சீனத்தின் நகவுறைகள்

1644 முதல் 1912 வரை சீனத்தை ஆண்ட சிங் மரபின் அரண்மனை மகளிரும், அவர்களைப் பின்பற்றிய உயர்குடிப் பெண்களும் தம் விரல்களில் அணிந்த நகவுறைகள், பெய்ஜிங்கின் அரண்மனை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இன்று பாதுகாக்கப்படுகின்றன. விரல் நுனியில் செருகிக்கொள்ளத்தக்க வாயுடன் தொடங்கி, படிப்படியாகக் குறுகி, மெல்ல வளைந்து கூர்முனையில் முடியும் இச்சிறு கூடுகள் மோதிரம், வளையல் போன்ற அணிகலன்களோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன என்றாலும், பல மாதங்கள் வெட்டாமல் வளர்த்த நகம் ஒடிந்துவிடாமல் காப்பதே அவற்றின் முதல் நோக்கமாக இருந்தது. நகம் வளர்வதற்குப் பொருளோ திறமையோ தேவையில்லை; வளர்ந்த நகத்தை ஒடியாமல் வைத்துக்கொள்ளவோ, அன்றாட வேலை எதிலும் கை படாத வாழ்க்கை தேவை. ஆகவே நீண்ட நகத்தின் வரலாற்றை ஆராயும்போது, அந்நகத்துக்கு உரியவரின் அழகுணர்ச்சியோடு நின்றுவிடாமல், அவருக்காக நீர் மொண்டு, துணி துவைத்து, உணவு சமைத்து, உடை உடுத்திவிட்டவர்களின் உழைப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டியுள்ளது.

இந்தக் கணக்கின் அடிப்படை உடலியலில் இருக்கிறது. நகம் என்பது கெராட்டின் எனப்படும் கடினமான புரதத்தால் ஆன, உயிரற்ற உயிரணுக்களின் தகடு. நகத்தின் அடியில், தோலுக்குள் மறைந்திருக்கும் வேர்ப்பகுதியில் புதிய உயிரணுக்கள் தோன்றத் தோன்ற, பழையவை இறுகி முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. கைவிரல் நகம் சராசரியாக மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. நடுவிரலின் நகம் சற்று விரைவாகவும் சுண்டுவிரலின் நகம் மெதுவாகவும் நீள்கின்றன. இந்த வேகத்தில் ஏழு அல்லது எட்டு சென்டிமீட்டர் நீள நகத்தைப் பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும் என்பதும், அந்தக் காலம் முழுவதிலும் ஒரேயொரு தவறான அசைவு அத்தனை மாதப் பொறுமையையும் வீணாக்கிவிடும் என்பதும் தெளிவு. மேலும், விரல் நுனியைக் கடந்து வெகுதூரம் நீண்ட நகம், அடியில் தாங்கும் சதை இல்லாமையால் உலர்ந்து, சுருண்டு, எளிதில் பிளக்கும் தன்மையை அடைகிறது. ஒருவரின் நகத்தின் நீளம், அவர் எத்தனை காலமாக உடலுழைப்பிலிருந்து விலகியிருக்கிறார் என்பதைப் பார்ப்பவர் எவரும் உடனே கணித்துக்கொள்ளக்கூடிய அளவுகோலாக அமைந்தது இதனால்தான்.

சீனத்தில் இவ்வழக்கம் சிங் மரபுக்கு முந்தியது. இத்தாலியின் வடகிழக்கில் உள்ள பொர்டெனோனே என்னும் ஊரைச் சார்ந்த ஒடோரிக் என்ற பிரான்சிஸ்கன் துறவி, 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கீழைநாடுகளில் பயணம் செய்து, சோழமண்டலக் கரையில் புனித தோமாவின் அடக்கத்தலம் உள்ள மயிலாப்பூரைக் கண்டு, கடல்வழியாகத் தென்சீனத்தை அடைந்தார். 1330இல் தாயகம் திரும்பிய பின் அவர் சொல்லி எழுதுவித்த பயணக் குறிப்புகளில், அந்நாட்டில் நீண்ட நகம் உயர்குடிப் பிறப்பின் அடையாளமாகக் கருதப்பட்டது என்றும், சிலர் தம் கட்டைவிரல் நகத்தைக் கையைச் சுற்றி வளையும் அளவுக்கு வளர்த்தனர் என்றும் கூறுகிறார். இதே குறிப்புகளில் பெண்களின் பாதங்களைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கத்தையும் அவர் பதிவுசெய்திருப்பது கவனிக்கத்தக்கது. உடலின் ஓர் உறுப்பை வேலைக்கு உதவாததாக ஆக்குவதன் மூலம் குடும்பத்தின் செல்வநிலையைக் காட்டும் இரு வழிகளும் அன்றே அருகருகே நிலைபெற்றிருந்தன என்பதற்கு அவரது சான்று போதுமானது. இந்தியாவிலும் நகத்தின் நீளம் கவனத்துக்குரிய பொருளாகவே இருந்தது. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம், வங்கப் பகுதியின் கௌட நாட்டாரின் நகங்கள் நீண்டவை என்றும், தென்னாட்டாருடையவை குட்டையானவை என்றும், மகாராட்டிரருடையவை இடைப்பட்டவை என்றும் பகுக்கிறது. எனினும் அந்நூல் இவ்வேறுபாட்டை நாட்டு வழக்காகக் காண்கிறதேயன்றி, சீனத்தில் நிகழ்ந்ததைப் போல உழைப்பவரையும் உழைக்காதவரையும் பிரிக்கும் கோடாகக் காணவில்லை.

சீனரின் நீள்நக வழக்கத்துக்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கம், கன்ஃபூசியசின் மரபில் வந்த 'ஷியாவ் ஜிங்' என்னும் நூலோடு தொடர்புடையது. பெற்றோரைப் பேணும் கடமையை விளக்கும் அச்சிறு நூலின் தொடக்கத்தில், உடலும் முடியும் தோலும் பெற்றோரிடமிருந்து பெறப்பட்டவையாதலால் அவற்றுக்குக் கேடு விளைவிக்காதிருத்தலே அக்கடமையின் முதற்படி என்ற கருத்து இடம்பெறுகிறது. இக்கருத்து வெறும் ஏட்டளவில் நின்றதன்று. மஞ்சூரியாவிலிருந்து வந்து ஆட்சியைக் கைப்பற்றிய மஞ்சு மக்கள், பெரும்பான்மையினரான ஹான் சீன ஆண்கள் அனைவரும் முன்தலையை மழித்துப் பின்சடை விடவேண்டும் என்று 1645இல் ஆணையிட்டபோது, முடியை இழப்பதைவிட உயிரை இழப்பதே மேல் என்று பலர் எதிர்த்து நின்று மாண்டனர். ஆயினும் நகத்தைப் பொறுத்தவரை இவ்விளக்கம் முழுமையானதாக இல்லை. பெற்றோரைப் பேணும் கடமை உழவனுக்கும் உண்டு, படகோட்டிக்கும் உண்டு, பட்டு நெய்பவளுக்கும் உண்டு. அவர்களும் ஆணைக்கு முன் தம் முடியை நீளமாக வளர்த்தவர்களே. இருப்பினும் நாற்று நடும் கையிலும் துடுப்புப் பிடிக்கும் கையிலும் நகம் நீளவில்லை, நீளவும் முடியாது. எல்லாருக்கும் பொதுவான ஓர் அறநெறி, சிலரால் மட்டுமே கடைப்பிடிக்கத்தக்க ஒரு வழக்கத்துக்கு மதிப்பைத் தந்தது என்று கொள்வதே பொருந்தும். அந்தச் சிலர் யார் என்பதைத் தீர்மானித்தது அறநெறியன்று, ஓய்வு.

அந்த ஓய்வுக்கு உரிமை கொண்டாடியவர்களுள் முதன்மையானவர்கள் கற்றோர். மனத்தால் உழைப்பவர் ஆள்வதும், உடல்வலிமையால் உழைப்பவர் ஆளப்படுவதும் உலகின் இயல்பு என்ற, கன்ஃபூசிய மெய்யியலாளர் மென்சியசின் கருத்து, அரசுத் தேர்வுகளின் வழியாகப் பதவிக்கு வந்த அலுவலர் வகுப்பின் தன்னுணர்வில் ஆழமாக ஊறியிருந்தது. செவ்விலக்கியங்களைக் கற்று, படிப்படியான தேர்வுகளில் வென்று, ஆட்சிப் பொறுப்பை ஏற்ற இவர்கள், ஒன்றிரண்டு விரல்களில், பெரும்பாலும் இடக்கையிலோ சுண்டுவிரலிலோ, நகத்தை நீளவிட்டனர். தூரிகையைப் பிடிக்கவும் உணவுக் குச்சிகளைக் கையாளவும் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் தேவைப்பட்டதால், கல்விக்கும் உணவுக்கும் இடையூறில்லாத விரல்களே நீள்நகத்துக்கு ஒதுக்கப்பட்டன. பெண்களின் நகவுறைகள் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மட்டுமே பெரும்பாலும் அணியப்பட்டதற்கும் இதுவே காரணமாகும்.

சிங் அரண்மனையில் இவ்வழக்கம் தனிச்சிறப்பான வடிவம் பெற்றதை மஞ்சுப் பெண்களின் நிலையோடு இணைத்துப் பார்க்க வேண்டும். ஹான் சீன உயர்குடிப் பெண்களிடையே பாதக்கட்டு பரவியிருந்த காலத்தில், மஞ்சுப் பெண்கள் அதனை மேற்கொள்ளக் கூடாது என்று சிங் அரசர்கள் தடைவிதித்திருந்தனர். குதிரையேற்றத்தையும் வில்வித்தையையும் தம் குல அடையாளமாகப் போற்றிய ஆளும் மரபினர், தம் பெண்கள் ஆளப்படுவோரின் வழக்கத்தை ஏற்பதை விரும்பவில்லை. ஆகவே மஞ்சுப் பெண்களின் அரச அலங்காரம் உயர்ந்த தலையணியிலும், நடுவில் மேடை போன்ற கட்டையுடைய உயர்ந்த காலணியிலும், நீண்ட நகத்திலும் வெளிப்பட்டது. ஹான் பெண்களும் நகம் வளர்த்தனர், உறை அணிந்தனர். ஆனால் உருவப்படங்களின் வழியாக உலகம் அறிந்த நகவுறை அணிந்த கை, மஞ்சு அரசியின் கையே.

நகவுறை செய்யும் கலை, அக்காலப் பொற்கொல்லரும் எனாமல் வினைஞரும் அடைந்திருந்த தேர்ச்சியை மிகச் சிறிய பரப்பில் காட்டுகிறது. பொன், வெள்ளி, பொன்முலாம் பூசிய வெள்ளி, செம்பு, ஆமையோடு, ஜேடு எனப்படும் பச்சை மணிக்கல் ஆகியவை அடிப்படைப் பொருள்களாகப் பயன்பட்டன. செம்புப் பரப்பின் மீது மெல்லிய உலோகக் கம்பிகளைப் பூவாகவும் இலையாகவும் வளைத்து ஒட்டி, கம்பிகளுக்கு இடையே உள்ள குழிகளில் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சூளையில் சுட்டு, பின்னர் தேய்த்துப் பளபளப்பாக்கும் எனாமல் முறையும், இழைபோன்ற பொற்கம்பிகளை முறுக்கிப் பின்னும் கம்பி வேலையும், மீன்கொத்திப் பறவையின் நீல இறகுகளை நுணுக்கமாக வெட்டிப் பொன் தகட்டின் மீது ஒட்டும் இறகுவேலையும் இவற்றில் கையாளப்பட்டன. உறையின் உடல் முழுவதும் துளையிட்டு வேலைப்பாடு செய்வது அழகுக்காக மட்டுமன்று. விரலுக்குப் பாரம் குறையவும், உள்ளே இருக்கும் நகத்துக்குக் காற்று கிடைக்கவும் அத்துளைகள் உதவின. நெடுவாழ்வைக் குறிக்கும் எழுத்து, நற்பேற்றைக் குறிக்கும் வௌவால், செல்வத்தைக் குறிக்கும் நாணயம் ஆகிய மங்கலச் சின்னங்களோடு மலர்களும் மூங்கிலும் பட்டாம்பூச்சிகளும் பொறிக்கப்பட்டன. விரலளவே உள்ள ஒரு பொருளுக்குக் கம்பி இழுப்பவர், எனாமல் சுடுபவர், மணி பதிப்பவர், இறகு ஒட்டுபவர் எனப் பல கைகள் தேவைப்பட்டன. அவற்றுள் எதிலும் நகம் நீண்டிருந்திருக்க இயலாது.

உறையால் மறைக்கப்படாத நகங்களுக்குச் செந்நிறம் ஊட்டும் வழக்கம் இன்னும் பரவலானது. செல்வநிலையைக் கடந்து எளிய குடும்பத்துப் பெண்களும் கைக்கொள்ளக்கூடியதாக அது இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜோ மி என்ற எழுத்தாளர், செந்நிறக் காசித்தும்பைப் பூவைப் படிகாரத்தோடு சேர்த்து இடித்து, நகத்தின் மீது அப்பித் துணியால் கட்டி இரவு முழுவதும் விட்டுவைத்து, இவ்வாறு பலமுறை செய்தால் நிறம் ஆழமாகப் பற்றிக்கொள்ளும் என்று விளக்கியிருக்கிறார். படிகாரம் நிறத்தை நகத்தில் நிலைக்கச் செய்யும் பொருளாகச் செயல்படுகிறது. மருதாணியின் செம்மைக்குக் காரணமான லாசோன் என்னும் வேதிப்பொருளும் அதன் நெருங்கிய வகைகளும் காசித்தும்பையிலும் உள்ளன என்பதால், தமிழகத்தில் மருதாணி அரைத்துக் கட்டும் பெண்களும் சீனத்தில் காசித்தும்பை இடித்துக் கட்டிய பெண்களும் இருவேறு செடிகளிலிருந்து ஒரே வேதியியலைக் கண்டடைந்திருந்தனர் எனலாம். மறுநாளே வேலைக்குத் திரும்பிவிடும் கையிலும் இந்நிறம் தங்கும்; நகச்சாயம் எல்லாருக்கும் உரியதாகவும், நகவுறை சிலருக்கு மட்டும் உரியதாகவும் அமைந்ததன் காரணம் இதுவே.

நகவுறையை உலகறியச் செய்தவர் பேரரசித் தாய் சிஷி ஆவார். 1835இல் பிறந்து, 1861 முதல் 1908இல் மறையும் வரை பேரரசின் அதிகாரத்தைப் பெரும்பாலும் தம் கையில் வைத்திருந்த அவரை, அமெரிக்க ஓவியர் கேத்தரின் கார்ல் 1903-04இல் அரண்மனையில் தங்கி ஓவியமாகத் தீட்டினார். அவ்வோவியங்களுள் ஒன்று 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்டது. அதே காலத்தில் ஷுன்லிங் என்ற அரசவை இளைஞர் எடுத்த ஒளிப்படங்களின் கண்ணாடித் தகடுகள் இப்போது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளன. இப்படங்களில், முத்துப் போர்வையும் மலரணிந்த கூந்தலுமாக அமர்ந்திருக்கும் பேரரசியின் கைகள், நகவுறைகள் தெளிவாகத் தெரியும்படி வைக்கப்பட்டுள்ளன. ஷுன்லிங்கின் உடன்பிறந்தவரும் பேரரசியின் தோழியருள் ஒருவருமான டெர் லிங், 1911இல் வெளியிட்ட நினைவு நூலில், வலக்கையில் பொன்னாலும் இடக்கையில் ஜேடு மணிக்கல்லாலும் ஆன, மூன்று அங்குல நீளமுள்ள உறைகளைப் பேரரசி அணிந்திருந்ததை விவரிக்கிறார். வெளிநாட்டினருக்கு எதிரான 1900ஆம் ஆண்டின் பாக்சர் எழுச்சிக்குப் பின் வெளிநாட்டினரிடையே கெட்டுப்போயிருந்த தம் பெயரைச் சீர்செய்துகொள்ள விரும்பிய சிஷி, இவ்வகைப் படங்களை அயல்நாட்டுத் தலைவர்களுக்கும் தூதர்களின் குடும்பத்தினருக்கும் பரிசளித்தார். அரண்மனைக்குள் தகுதியின் அடையாளமாக இருந்த நகவுறை, இவ்வாறு உலக அரங்கில் சீன அரசுரிமையின் சின்னமாக மாறியது.

அந்தக் கைகளைப் பேணியவர்களைப் பற்றி அறிய உதவுவது, சிஷியிடம் பணிபுரிந்த பெண் ஒருவர் முதுமையில் சொல்ல, பிறர் கேட்டெழுதிய நினைவுக்குறிப்புகளாகும். நகங்களை வெந்நீரில் ஊறவைத்து மென்மையாக்குவதும், சிறு தூரிகைகளால் உட்புறத்தைத் துலக்குவதும், தைலம் பூசி உறையிடுவதும் பணிப்பெண்களின் அன்றாடக் கடமைகளாக இருந்தன. உடுத்தல், உண்ணல், தலைவாரல் என எல்லாவற்றுக்கும் பணிப்பெண்களும், அண்ணகர் எனப்படும், ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்களும் சூழ நின்றனர். பாக்சர் எழுச்சியை ஒடுக்க 1900 ஆகஸ்டில் எட்டு நாடுகளின் கூட்டுப்படை பெய்ஜிங்கில் நுழைந்தபோது, பேரரசி ஹான் சீன எளிய பெண்ணின் நீலப் பருத்தி உடையில் வண்டியேறித் தப்பிச் சென்றார். புறப்படுவதற்கு முன் தம் நீண்ட நகங்களை வெட்டிவிடுமாறு பணிப்பெண்ணுக்கு அவர் ஆணையிட்டதையும் அதே நினைவுக்குறிப்புகள் கூறுகின்றன. உடையை மாற்றுவது மட்டும் மாறுவேடத்துக்குப் போதவில்லை என்பதே இங்கு முக்கியமானது. உழவர் குடும்பத்துப் பெண்ணாகத் தோன்றவேண்டுமானால் அவளது கை வேண்டும். வேலைசெய்யும் கையில் நீண்ட நகம் இருக்க முடியாது என்பதைப் பேரரசியும் அறிந்திருந்தார், வழியில் எதிர்ப்படும் எவரும் அறிந்திருந்தனர்.

சீனப் பண்பாட்டின் தாக்கத்துக்கு உட்பட்ட வியட்நாமிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. 1802 முதல் 1945 வரை ஹுவே நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நுயென் மரபின் காலத்தில், கன்ஃபூசிய நூல்களைக் கற்றுத் தேர்ச்சிபெற்ற அலுவலர்கள் நகங்களை நீளமாக வளர்த்தனர். பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின்போது எடுக்கப்பட்டு அஞ்சலட்டைகளாக விற்கப்பட்ட ஒளிப்படங்களில், சுருள் சுருளாக நீண்ட நகங்களோடு அமர்ந்திருக்கும் கற்றோரைக் காணலாம். தாய்லாந்திலோ நீள்நகம் வேறு பாதையில் சென்றது. வடபகுதியான சியாங் மாயில் ஆடப்படும் 'ஃபோன் லெப்' என்னும் நகநடனத்தில், பெண்கள் கட்டைவிரல்கள் தவிர்த்த எட்டு விரல்களிலும் நீண்ட பித்தளை நகங்களை அணிந்து மெதுவாகக் கைகளை அசைத்து ஆடுகின்றனர். சியாம் மன்னர் சூலாலங்கோர்னின் துணைவியருள் ஒருவரும் சியாங் மாய் அரச குடும்பத்தில் பிறந்தவருமான தாரா ரஸ்மி (1873-1933), 1914இல் தாயகம் திரும்பிய பின் இவ்வட்டாரக் கலைகளைப் பேணி வளர்த்தார். 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த, தென் தாய்லாந்தின் 'நோரா' கூத்திலும், பாதிப் பெண்ணும் பாதிப் பறவையுமான கின்னரியாகிய மனோகரையின் கதையோடு தொடர்புடைய பறவை உருவத்தை வளைந்த நீள்நகங்கள் நிறைவு செய்கின்றன. இங்கு நகம் ஆடும்போது அணிந்து, ஆட்டம் முடிந்ததும் கழற்றப்படுவதால், அதே பெண் மறுநாள் வயலுக்கோ சந்தைக்கோ செல்வதற்குத் தடையேதும் இல்லை.

சீனத்தில் நீள்நகத்தின் மதிப்பு சரிந்ததற்கு, அதனைத் தாங்கிநின்ற அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்ததே காரணம். 1905இல் அரசுத் தேர்வு முறை ஒழிக்கப்பட்டதால் கற்றோர் வகுப்பின் அடித்தளம் தகர்ந்தது. வியட்நாமில் அதே தேர்வுகள் 1919இல் முடிவுக்கு வந்தன. 1912 பிப்ரவரி 12இல் கடைசிப் பேரரசர் பூயியின் பெயரால் முடிதுறப்பு அறிவிக்கப்பட்டபின் அரண்மனை வாழ்வும் சுருங்கியது. நோய்க்கிருமிகளைப் பற்றிய புதிய மருத்துவ அறிவு நகத்தின் அடியில் தங்கும் அழுக்கை ஆபத்தாகக் கண்டது. 1934இல் சீனத் தேசியவாதத் தலைவர் சியாங் கை-ஷேக் தொடங்கிய 'புதுவாழ்வு இயக்கம்' தூய்மையையும் சுறுசுறுப்பையும் குடிமக்களின் கடமையாக வலியுறுத்தியது. 1949க்குப் பின் வந்த பொதுவுடைமை ஆட்சி, காய்த்துப்போன கையையே பெருமைக்குரிய கையாக ஏற்றிவைத்தது. குடும்பங்கள் விற்ற நகவுறைகள் பழம்பொருள் வணிகர் வழியாக மேலைநாடுகளுக்குச் சென்று, அங்கே பலவும் ஊசி பொருத்தப்பட்டு, உடையில் குத்திக்கொள்ளும் அணிகளாக மாற்றப்பட்டன.

எனினும் நீள்நகத்தின் மீதான விருப்பம் மறைந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டில் விரைவில் உலரும் நகப்பூச்சும், பல் மருத்துவத்தில் பயன்பட்ட அக்ரிலிக் பிசினைக் கொண்டு செய்யப்படும் செயற்கை நகமும் தோன்றியதால், ஈராண்டுக் காத்திருப்பு ஓரிரு மணி நேரமாகச் சுருங்கியது. அலுவலகத்தில் தட்டச்சு செய்பவரும் கடையில் நிற்பவரும் அணியத்தக்க பொருளாக நீள்நகம் மாறியது. இம்மாற்றத்தில் வியட்நாமியருக்குத் தனி இடம் உண்டு. 1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபின் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ அருகில் இருந்த முகாமுக்கு வந்துசேர்ந்த அகதிப் பெண்களுள் இருபது பேருக்கு, ஹாலிவுட் நடிகை டிப்பி ஹெட்ரன் நகப் பராமரிப்புத் தொழிலைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அங்கிருந்து உறவினர் வழியாகவும் ஊரார் வழியாகவும் பரவிய அத்தொழிலில், இன்று அமெரிக்கா முழுவதும் வியட்நாமிய வழியினர் மிகப் பெரும் பங்கினராக உள்ளனர். பூச்சுகளின் கரைப்பான் ஆவியையும் அக்ரிலிக் தூளையும் நாள்தோறும் சுவாசித்து, குனிந்தபடி பிறர் நகங்களைத் தீட்டும் தொழிலாளர்களின் குறைந்த ஊதியமும் உடல்நலக் கேடும் பொதுமக்களின் கவனத்துக்கு வந்த பிறகே, 2015இல் நியூயார்க் மாநில அரசு அவர்களைக் காக்கும் அவசர நடவடிக்கைகளை அறிவித்தது.

இதனால், நகம் வளர்த்தவர் வேலையிலிருந்து விலகியிருந்த பழைய முறை மறைந்திருந்தாலும், அழகிய நகத்தின் பின்னால் மற்றொருவரின் கை இருக்கவேண்டும் என்ற நிலை இன்னும் மாறவில்லை என்பது புலனாகிறது. சிங் காலப் பேரரசியின் பெயரையும், அவரை வரைந்த ஓவியரின் பெயரையும், படமெடுத்த இளைஞரின் பெயரையும் வரலாறு காத்துவைத்திருக்க, அவருக்காகப் பொற்கம்பி இழுத்தவரின் பெயரும், மீன்கொத்தி இறகை வெட்டி ஒட்டியவரின் பெயரும் அருங்காட்சியகப் பேழையின் குறிப்பட்டைகளில் இடம்பெறுவதில்லை. நகவுறையை அணிந்தவரின் பொருளாக மட்டும் கருதாமல், செய்தவரின் பொருளாகவும் பேணியவரின் பொருளாகவும் கருதி ஆராயும் வரலாறே, நீண்ட நகத்துக்கு உரிய முழுமையான வரலாறாக அமையும். கடந்தகாலத்துக்குச் செய்யப்படும் அந்த நீதி, இன்று நகப் பராமரிப்பு நிலையங்களில் உழைப்பவர்களின் காற்றையும் கூலியையும் பற்றிக் கேட்கும் பொறுப்பையும் உடன் கொண்டுவருகிறது.